ஓடுகளை மூடிக்கொண்ட சிப்பி எத்தனை நாள் தாங்கும்? கடலில் ஆக்ஸிஜன் குறைவது குறித்த விவாத இழை

பதிவு 1: நெய்தல்வாசகி

அனைவருக்கும் வணக்கம். கடல்நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன் குறைந்துவருவதைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்துவருகிறேன். 1960-க்கும் 2010-க்கும் இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் உலகக் கடல்களின் மொத்த ஆக்ஸிஜன் 2 சதவீதத்துக்கும் சற்றுக் கூடுதலாகக் குறைந்துவிட்டது என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுச் சொன்னது. இன்னொரு புறம், இருநூறுக்கும் மேற்பட்ட கடல்தள உயிரினங்களின் சோதனை முடிவுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான கட்டுரையில், ஆக்ஸிஜன் குறையும்போது மீன்களும் நண்டு, இறால் வகைகளும் முதலில் மடிகின்றன என்றும், சிப்பி போன்ற மெல்லுடலிகளே மற்ற எல்லாவற்றையும்விட நெடுநேரம் தாங்குகின்றன என்றும் இருக்கிறது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குக் குழப்பம் ஏற்படுகிறது. இழப்பு 2 சதவீதம்தான். சிப்பிகளோ எல்லோரையும்விடத் தாக்குப்பிடிப்பவை. அப்படியானால் சிப்பிப் படுகைகள் அழிவதற்கு ஆக்ஸிஜன் குறைவு ஒரு முக்கியக் காரணம் என்று ஏன் மீண்டும் மீண்டும் எழுதுகிறார்கள்? துறை சார்ந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். (சிப்பி, மட்டி, ஆளி எனப்படும் ஆய்ஸ்டர், நண்டு, இறால் அனைத்தையும் சேர்த்து இந்த இழையில் ஓட்டுயிரிகள் என்று குறிப்பிடலாம் என நினைக்கிறேன்.)

பதிவு 2: கரைநோக்கி

வணக்கம். தாங்கள் எடுத்துக்காட்டிய இரண்டு செய்திகளும் சரியானவையே. ஆனால் இரண்டுமே சராசரிகள். முழங்கால் ஆழம்தான் சராசரி என்று நம்பி ஆற்றில் இறங்கியவனுக்கு நடுவில் இருக்கும் மடுவைப் பற்றி அந்தச் சராசரி எதையும் சொல்லியிருக்காது. கடலிலும் ஆக்ஸிஜன் எங்கும் ஒரே சீராகக் குறையவில்லை.

முதலில் வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமான உப்பளவு கொண்ட கடல்நீர் 10 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் அது சுமார் 7.4 மில்லிகிராமாகவும், 30 டிகிரியில் சுமார் 6.2 மில்லிகிராமாகவும் இறங்கிவிடும். அதே வேளையில், குளிர்ந்த குருதி உடைய உயிர்களின் ஆக்ஸிஜன் தேவை 10 டிகிரி கூடினால் பொதுவாக இரண்டு மடங்காகிறது. ஆகவே இருப்பு குறையும் அதே நாளில் செலவு ஏறுகிறது. இது போதாதென்று, சூடான மேல்நீர் எடை குறைந்து, கீழே உள்ள குளிர்ந்த நீரின்மேல் மூடி போட்டாற்போல் நிற்கிறது. காற்றிலிருந்து மேல்நீருக்குள் இறங்கும் ஆக்ஸிஜன் அந்த மூடியைத் தாண்டி அடிநீருக்குப் போய்ச் சேர்வதில்லை. திறந்த கடலின் மேல் ஆயிரம் மீட்டரில் ஏற்பட்ட இழப்பில் ஏறத்தாழ பாதியைத்தான் கரைதிறன் குறைந்ததைக் கொண்டு விளக்க முடிகிறது. எஞ்சியதில் பெரும்பங்கு இப்படி நீர் கலக்காமல் போவதால் வருவது.

ஆனால் ஓட்டுயிரிகளில் நாம் அறிந்தவை பெரும்பாலும் கரையோரத்தில் வாழ்பவை. அங்கே இன்னொரு காரணம் சேர்ந்துகொள்கிறது. வயல்களிலிருந்து வழியும் உரமும் சாக்கடை நீரும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கடலில் கொண்டுவந்து சேர்க்கின்றன. அதில் நுண்பாசி மிகுதியாகப் பெருகி, மடிந்து, அடியில் படிகிறது. அதை மக்கவைக்கும் பாக்டீரியாக்கள் அடிநீரின் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடுகின்றன. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அதை ஆக்ஸிஜன் குறைந்த நிலை என்று வகைப்படுத்துவது வழக்கம். 1950-க்குப் பிறகு ஐந்நூறுக்கும் மேற்பட்ட கரையோர இடங்களில் அந்த நிலை பதிவாகியிருக்கிறது. அவற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடங்களே அதற்கு முன்பு அப்படி அறியப்பட்டிருந்தன. மெக்சிகோ வளைகுடாவில் கோடைதோறும் உருவாகும் உயிரற்ற மண்டலம் 2017-இல் 22,720 சதுர கிலோமீட்டர் பரப்பை எட்டியது. 1985-இல் அளவீடு தொடங்கியதிலிருந்து அதுவே பேரளவு. அங்கே அடிமண்ணில் புதைந்து வாழும் ஒரு மட்டிக்கு உலகச் சராசரியான 2 சதவீதத்தால் எந்தப் பொருளும் இல்லை.

பதிவு 3: வேதிமாறன்

கரைநோக்கி அவர்கள் சொன்ன இயற்பியலில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இருப்பினும் சிப்பிகளைப் பொறுத்தவரை அச்சம் சற்று மிகைப்படுத்தப்படுகிறது என்றே கருதுகிறேன்.

பாறையில் ஒட்டி வாழும் மஸல் சிப்பியைப் பாருங்கள். ஒவ்வொரு வற்றத்தின்போதும் அது ஓட்டை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் நீரின்றி இருக்கிறது. 1969-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஜெர்மானியச் சோதனையில், ஏறக்குறைய ஆக்ஸிஜனே இல்லாத நீரில் வைக்கப்பட்ட நீல மஸல்களில் பாதி மடிவதற்கு ஏறத்தாழ 35 நாட்கள் பிடித்தன. ஆர்க்டிகா எனப்படும் வடகடல் மட்டிக்கு ஏறத்தாழ 55 நாட்கள். அதே நீரில் சிறு இறால் சில மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இந்த ஆர்க்டிகா மட்டி ஐந்நூறு ஆண்டுகள் வாழக்கூடியது. 2006-இல் ஐஸ்லாந்துக்கு அப்பால் எடுக்கப்பட்ட ஒன்றின் வயது, ஓட்டின் வளர்ச்சி வரிகளை எண்ணிப் பார்த்ததில் 507 என்று தெரியவந்தது. எத்தனையோ கெட்ட கோடைகளைத் தாண்டி வந்த உயிர் அது. நண்டோ கால் படைத்தது. நீர் கெட்டால் வேறிடம் நடந்துவிடும். தாங்கும் ஆற்றலும் தப்பும் ஆற்றலும் இப்படி இருக்கும்போது, ஓட்டுயிரிகளின் வீழ்ச்சிக்கு மிகுபிடிப்பையும் நோயையும் அல்லவா முதலில் குற்றம் சொல்ல வேண்டும்?

பதிவு 4: கரைநோக்கி

வேதிமாறன் அவர்களே, மிகுபிடிப்பும் நோயும் பெரும் காரணங்கள் என்பதை நானும் ஏற்கிறேன். நோயைப் பற்றிப் பின்னர் வருகிறேன். அதற்கு முன், அந்த 35 நாட்களும் 55 நாட்களும் எந்த நிலையில் அளக்கப்பட்டவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனை 10 டிகிரி செல்சியஸில் நடந்தது. கரையோர அடிநீரில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோவது பெரும்பாலும் கோடையின் கடைசியில், நீர் மிகவும் சூடாக இருக்கும் வாரங்களில்தான். வெப்பம் ஏற ஏறத் தாங்கும் காலம் சுருங்குகிறது. குளிரில் எடுத்த கணக்கை வெயிலுக்குப் பொருத்தினால் விடை தப்பாகத்தான் வரும்.

ஓட்டை மூடிக்கொண்ட சிப்பி உள்ளே என்ன செய்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். ஆக்ஸிஜன் இருக்கும்போது ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ முப்பது ஏடிபி ஆற்றல் அலகுகள் கிடைக்கின்றன. ஆக்ஸிஜன் இல்லாதபோது நம் தசையைப் போல லாக்டேட் வழியில் போனால் இரண்டே கிடைக்கும். சிப்பி அதைவிடத் திறமையானது: கிளைக்கோஜன் என்னும் சேமிப்பு மாவுச்சத்தையும் அஸ்பார்ட்டிக் அமிலத்தையும் கலந்து எரித்து, சக்சினேட், புரோப்பியோனேட் என்று வேறு பாதையில் சென்று நான்கு முதல் ஆறு வரை ஈட்டிக்கொள்கிறது. கூடவே இதயத் துடிப்பைத் தாழ்த்தி, வடிகட்டுவதை நிறுத்தி, மொத்த வளர்சிதைமாற்றத்தையும் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்துவிடுகிறது. மெச்சத்தக்க ஏற்பாடுதான். ஆனாலும் அந்த நாட்கள் முழுவதும் அது உண்பதில்லை. முட்டைக்கும் விந்துக்கும் என்று சேர்த்துவைத்த கிளைக்கோஜன்தான் கரைகிறது. வரவு நின்றுபோன வீட்டில் விதைநெல்லை எடுத்துக் குத்திச் சாப்பிடுவதைப் போன்றது இது.

இன்னொன்றைக் கண்ணால் காணலாம். இந்தப் பாதையில் அமிலம் சேர்கிறது. மூடிய ஓட்டுக்குள் அமிலம் போக இடமில்லை. அதை நடுநிலையாக்க, ஓட்டின் உட்புறத்திலுள்ள கால்சியம் கார்பனேட்டே கரைந்து கொடுக்கிறது. நெடுநேரம் மூடியிருந்த கடின ஓட்டு மட்டிகளின் உள்நீரில் கால்சியம் ஏறுவதை ஆய்வாளர்கள் 1969-லேயே அளந்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் பல நாட்கள் ஆக்ஸிஜனின்றி வைத்த மட்டியைத் திறந்து, ஓட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்திருக்கிறேன். வழக்கமாகப் பீங்கான்போல் மினுங்கும் உட்பரப்பில், தசை ஒட்டியிருக்கும் தழும்புக்கு உள்பக்கமாக, சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிய ஒரு திட்டு இருந்தது. நகத்தால் வருடினால் சொரசொரவென்று பட்டது. தன் வீட்டுச் சுவரையே சுரண்டி அந்த உயிர் நாளைக் கடத்தியிருக்கிறது. சோதனை ஏட்டில் நான் அதை 'உயிருடன் உள்ளது' என்றுதான் பதிந்தேன். அந்தச் சொல் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

பதிவு 5: கயிற்றுப்பண்ணை

கரைநோக்கி அவர்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குப் பழைய நினைவு வந்தது. நான் ஆய்வாளன் அல்லன். பல ஆண்டுகளாக மஸல் சிப்பியைக் கயிற்றில் வளர்த்துவருபவன்.

ஒரு கோடையில் கயிறுகளைத் தூக்கியபோது மேல்பாதி கனமாகவும் கீழ்ப்பாதி வெறுமையாகவும் இருந்தன. செத்த ஓடுகள் தொங்கியிருந்தால் நோய் என்று நினைத்திருப்பேன். ஓடுகளே இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சிப்பி விடும் பற்றுநூல்கள் அறுந்துபோய், அவற்றின் அடித்தட்டுகள் மட்டும், பழுப்புப் புள்ளிகளாக, ஒட்டியிருந்தன. எஞ்சியிருந்த சில சிப்பிகளைக் கையால் தொட்டதுமே கழன்று வந்தன. நல்ல நாட்களில் ஒரு கொத்தைப் பிரிப்பதற்கு விரல் வலிக்க இழுக்க வேண்டியிருக்கும். யாரோ இரவில் வந்து அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று முதலில் சந்தேகப்பட்டேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

நீரின் தரத்தை அளந்து தருவதற்காக ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருந்தேன். அவர்களுடைய அறிக்கைகளில் ஆக்ஸிஜன் எப்போதும் நன்றாகவே இருந்தது. அவர்கள் ஒவ்வொரு முறையும் நண்பகலில் வந்து, படகிலிருந்து கை எட்டும் ஆழத்தில் அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. பகலில் பாசி வெயிலில் ஆக்ஸிஜனை வெளியிட்டுக்கொண்டிருக்கும். இரவு முழுவதும் அதே பாசியும் மற்ற எல்லா உயிர்களும் அதை உள்ளிழுக்கும். பொழுது விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு மிகத் தாழ்ந்திருக்கும். மறு ஆண்டு நானே விடியற்காலையில் போய்க் கயிற்றின் அடிமுனையில் அளந்தேன். ஒரே இடத்துக்குப் பகலில் ஓர் உண்மையும் இரவில் வேறோர் உண்மையும் இருந்தன. அடியில் இருந்த சிப்பிகள் இரவுதோறும் மூச்சு முட்டிப் பகலில் மீண்டிருக்கின்றன. அப்படியே நூல் நெய்யும் வலுவை இழந்து ஒரு காற்று நாளில் உதிர்ந்திருக்கின்றன. சாவு என்று எந்தக் கணக்கிலும் அது ஏறவில்லை.

பதிவு 6: கரைநோக்கி

கயிற்றுப்பண்ணை ஐயா, தாங்கள் கண்டது ஆய்வகத்திலும் உறுதியாகியிருக்கிறது. பச்சை மஸல் சிப்பிகளை ஆக்ஸிஜன் குறைந்த நீரில் வைத்தபோது, அவை உற்பத்தி செய்த பற்றுநூல்கள் எண்ணிக்கையில் குறைந்தன, நீளம் குன்றின, மெலிந்தன. நூல் என்பது புரதம். புரதம் செய்ய ஆற்றல் வேண்டும். ஆற்றல் தட்டுப்படும்போது உடல் முதலில் கைவிடுவது உடனடி உயிர்வாழ்வுக்குத் தேவைப்படாதவற்றை: வளர்ச்சி, இனப்பெருக்கம், நூல், நோயெதிர்ப்பு.

நோயெதிர்ப்பு என்றதும் வேதிமாறன் அவர்களின் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஆளிகளை அழிக்கும் ஒட்டுண்ணி நோய் ஒன்று உண்டு. டெர்மோ என்று அழைப்பார்கள். இரவில் ஆக்ஸிஜன் தாழ்ந்து பகலில் ஏறும் ஆழமற்ற நீரில் வளரும் ஆளிகளுக்கு அந்த ஒட்டுண்ணி கூடுதலாகத் தொற்றுகிறது, தொற்றியபின் கூடுதலாக முற்றுகிறது என்பதை 2015-இல் வெளியான ஆய்வு ஆய்வகத்திலும் களத்திலும் காட்டியது. இறந்த ஆளியைப் பிளந்து பார்ப்பவர் நோய் என்று எழுதுவார். அது பொய்யில்லை; ஆனால் நோய்க்குக் கதவைத் திறந்துவிட்டது எது என்ற வரி அந்தப் படிவத்தில் இருக்காது. ஆகவே 'நோயா, ஆக்ஸிஜனா' என்று பிரித்துக் கேட்பதே சரியாகாது என்பது என் கருத்து.

பதிவு 7: முதலாமாண்டு

நான் கடல் உயிரியல் மாணவி. நண்டும் இறாலும் ஏன் சிப்பியைவிட விரைவில் மடிகின்றன? அவற்றுக்கும் ஓடு இருக்கிறதே? எளிமையாக விளக்க முடியுமா, ஐயா?

பதிவு 8: கரைநோக்கி

நண்டின் ஓடு கவசம். சிப்பியின் ஓடு கதவு. நண்டால் வெளிநீரை அடைத்து வைக்க முடியாது, செவுள்களில் நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் குருதியில் செம்பை அடிப்படையாகக் கொண்ட ஹீமோசயனின் என்ற நிறமி ஆக்ஸிஜனைச் சுமக்கிறது. ஆக்ஸிஜன் சேர்ந்தால் அது நீலமாகத் தெரியும். நெடுநாள் பற்றாக்குறையில் சில நண்டுகள் அந்த நிறமியின் அமைப்பையே சற்று மாற்றி, கிடைப்பதை இறுகப் பற்றிக்கொள்ளும் வகையாக்கிக்கொள்கின்றன. ஆனால் ஆக்ஸிஜன் முற்றிலும் தீர்ந்துவிட்டால் அவற்றுக்கு லாக்டேட் பாதை ஒன்றுதான். சிப்பியின் மாற்றுப்பாதைகள் அவற்றிடம் இல்லை. ஓடு கழற்றும் நாட்களில் ஆக்ஸிஜன் தேவை ஏறுவதால், மென்மையாக இருக்கும் அந்த நண்டே முதலில் மடியும்.

சிப்பிகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. விசிறி வடிவச் சிப்பிகள் ஓட்டைத் தட்டி நீந்துபவை. ஓட்டின் விளிம்புகள் இறுகப் பொருந்துவதில்லை. ஆளியைப் போல அவற்றால் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. 'மெல்லுடலிகள் தாங்கும்' என்ற ஒற்றை வாக்கியத்தில் இவையெல்லாம் மறைந்துவிடுகின்றன.

பதிவு 9: வலைக்கணக்கு

மீன்பிடிப்புப் புள்ளிவிவரங்களோடு பழகியவன் என்ற முறையில், 'நண்டு நடந்து தப்பிவிடும்' என்ற வாதத்தைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

நடக்க முடிவது உண்மை. எங்கே நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மொபைல் விரிகுடாவில் சில கோடை இரவுகளில், விடியலுக்கு முன், நீல நண்டுகளும் இறால்களும் தட்டைமீன்களும் கூட்டங்கூட்டமாகக் கரையின் விளிம்புக்கு வந்து சோர்ந்து கிடக்கும். அடியில் ஆக்ஸிஜன் இழந்த நீர் காற்றாலும் கடல் ஏற்றத்தாலும் கரைநோக்கித் தள்ளப்பட, அதன் முன்னே தள்ளப்பட்டு வந்தவை அவை. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையில் எலாண்ட்ஸ் விரிகுடாவில் 1997-இல் ஏறத்தாழ 2,000 டன் பாறைச் சிங்கி இறால் இப்படி நடந்து வந்து மணலில் ஏறி மடிந்தது. பெருகிய பாசி அழுகி நீரின் ஆக்ஸிஜன் தீர்ந்ததால், கரையோரத்தில் அலை புரளும் மெல்லிய நீர்விளிம்பை நோக்கி அவை நகர்ந்தன. வற்றம் வந்து நீர் பின்வாங்கியதும் அங்கேயே அகப்பட்டுக்கொண்டன.

2002-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கரையில் பொறிக்கூடுகளைத் தூக்கிய மீனவர்கள் உள்ளே நண்டுகள் மொத்தமாக இறந்துகிடக்கக் கண்டார்கள். கூட்டுக்குள் அடைபட்ட நண்டுக்குக் கால் இருந்தும் பயனில்லை. 2006-இல் அதே கரையில் ஆக்ஸிஜன் அறவே இல்லாத நிலை பதிவானது. நீருக்குள் இறக்கிய கேமராவில் உயிருள்ள மீன் ஒன்றுகூடத் தென்படவில்லை. அந்த நீர் உரத்தால் கெட்டதன்று. ஆழ்கடலிலிருந்து காற்றால் மேலெழுந்து வந்தது. திறந்த கடலின் ஆக்ஸிஜன் இழப்பு கரைக்கு வந்து சேரும் வழிகளில் இதுவும் ஒன்று என்பதால்தான், 'வெறும் 2 சதவீதம்' என்று அதை ஒதுக்கிவிட முடிவதில்லை.

எனக்கு மிகவும் கவலையளிப்பது இன்னொன்று. டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலுள்ள காட்டெகாட் கடலில் 1980-களில் நார்வே சிங்கி இறால் பிடிப்பு திடீரென ஏறியது. அவை பகலில் வளைக்குள் இருப்பவை. வளைக்குள் ஆக்ஸிஜன் போதாமல் வெளியே வந்து, உடலை உயர்த்திக்கொண்டு, மண்ணின்மேல் நின்றன. இழுவலைக்கு அவை எளிதில் அகப்பட்டன. அணையப்போகும் விளக்கு சுடர்விட்டு எரிந்த கதைதான். அடுத்து வந்த ஆண்டுகளில் பிடிப்பு சரிந்தது. அந்த ஏறுமுகத்தைக் கடல் செழிப்பதன் அடையாளமாகப் படித்திருந்தால், இன்னும் கூடுதலான படகுகளுக்கு அனுமதி கொடுத்திருப்பார்கள். ஆகவே, பிடிப்பு ஏறும்போது 'எவ்வளவு வந்தது' என்பதோடு 'ஏன் இவ்வளவு எளிதில் வந்தது' என்றும் கேட்க வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

பதிவு 10: வேதிமாறன்

விளக்கங்களுக்கு நன்றி. வெப்பநிலையைச் சேர்த்துச் சொல்லாமல் 35 நாட்கள் என்ற எண்ணை மட்டும் எடுத்து வைத்தது என் பிழை. நோய் பற்றிய கருத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. ஒரு படுகை ஒரு கோடையில் அழிந்தாலும், மட்டிகள் கோடிக்கணக்கில் முட்டையிடுபவை; பக்கத்துப் படுகையிலிருந்து லார்வாக்கள் மிதந்து வந்து ஓரிரு ஆண்டுகளில் இடத்தை நிரப்பிவிடாதா?

பதிவு 11: கரைநோக்கி

சில இடங்களில் நிரப்பத்தான் செய்கின்றன. ஆனால் தாயின் தாங்கும் ஆற்றல் பிள்ளைக்கு இல்லை. லார்வாவின் ஓடு மெல்லியது. மூடிக்கொண்டு காத்திருக்க அதனிடம் கிளைக்கோஜன் சேமிப்பும் கிடையாது. மேலும், அது வாழும் நீரில் ஆக்ஸிஜன் மட்டும் தனியாகக் குறைவதில்லை. அழுகலை மக்கவைக்கும் பாக்டீரியா ஆக்ஸிஜனை உள்ளிழுத்துக் கார்பன் டை ஆக்ஸைடை வெளியிடுகிறது. ஆகவே ஆக்ஸிஜன் குறைந்த கரையோர நீர் அமிலத்தன்மை கூடிய நீராகவும் இருக்கும். கடின ஓட்டு மட்டி, விசிறிச் சிப்பி ஆகியவற்றின் இளம்பருவங்களை இரண்டு நெருக்கடிகளுக்கும் ஒருசேர உள்ளாக்கியபோது, சில நிலைகளில் ஒவ்வொன்றின் தீங்கையும் தனித்தனியே கூட்டினால் வருவதைவிட மிகுதியான தீங்கு நேர்ந்ததை 2014-இல் வெளியான சோதனைகள் காட்டின. நண்டு, கணவாய், எண்காலி (ஆக்டோபஸ்) ஆகியவற்றின் லார்வாக்களில் ஆக்ஸிஜன் குறையும்போது பார்வை உணர்வே மங்கிவிடுகிறது என்று 2019-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. இரையைக் கண்ணால் தேடிப் பிடிக்கும் பருவத்தில் ஒளி மங்கினால் அதன் விளைவை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்தது ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆக்ஸிஜன் முழுதும் தீர்ந்ததும் சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டை எடுத்துக்கொண்டு இந்த நச்சை வெளியிடுகின்றன. செல்களின் மூச்சு நொதியையே அது அடைத்துவிடுகிறது. பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், சல்ஃபைடு சேர்ந்தால் உயிரினங்கள் தாங்கும் காலம் சராசரியாக 30 சதவீதம் சுருங்குகிறது என்று 2010-இல் கணக்கிட்டார்கள். டோக்கியோ விரிகுடாவில் கோடையின் இறுதியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடியிலிருந்த சல்ஃபைடு நீர் காற்றால் மேலெழும்போது, கந்தகத் துகள்கள் ஒளியைச் சிதறடித்து, கடல் பால் கலந்த நீலப்பச்சை நிறமாகிறது. பார்ப்பதற்கு அழகாக இருக்கும் அந்த நீர் ஆழமற்ற திட்டுகளின்மேல் பரவும்போது அங்குள்ள மட்டிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றுவிடுகிறது. நச்சு ஏறிய சேற்றில் வந்து இறங்கும் லார்வாவுக்குக் குடியேற இடம் இருப்பதாகத் தோன்றும், இடம் இருக்காது.

பதிவு 12: நெய்தல்வாசகி

என் ஐயம் பெரிதும் தெளிந்தது. இறப்பு எண்ணிக்கையை மட்டும் பார்த்ததால்தான் சிப்பிகள் பாதுகாப்பாக இருப்பதாக எனக்குத் தோன்றியிருக்கிறது. இனி மீட்சியைப் பற்றிக் கேட்கலாமா? ஆளிகள் நீரை வடிகட்டுபவை ஆதலால், ஆளித் திட்டுகளை மீண்டும் உருவாக்கினால் பாசி குறைந்து ஆக்ஸிஜனும் திரும்பும் என்று சிலர் எழுதுகிறார்கள். உண்மையா?

பதிவு 13: வலைக்கணக்கு

ஓரளவு. செசபீக் விரிகுடாவின் நீர் முழுவதையும் ஒரு காலத்தில் அங்கிருந்த ஆளிகள் சில நாட்களில் வடிகட்டிவிடும் என்றும், எஞ்சியவற்றுக்கு அதே வேலையைச் செய்ய ஏறத்தாழ ஓராண்டு ஆகும் என்றும் 1988-இல் ஒரு கணிப்பு வெளியாயிற்று. மனத்தைத் தொடும் ஒப்பீடு அது. ஆனால் பின்னால் வந்தவர்கள் நியாயமான கேள்விகளை எழுப்பினார்கள். பாசி பெருகுவது இளவேனிலில். அப்போது நீர் குளிர்ந்திருப்பதால் ஆளிகள் மெதுவாகவே வடிகட்டும். ஆளிகள் இருப்பது ஆழமற்ற ஓரங்களில். ஆக்ஸிஜன் தீர்வது நடுவில் உள்ள ஆழத்தில். நெருக்கமாக வளர்த்தால் அவற்றின் கழிவே அடியில் படிந்து ஆக்ஸிஜனைத் தின்னும். ஆளித் திட்டுகளை மீட்பது பல காரணங்களுக்காகச் செய்யத்தக்கதே. உரத்தைக் குறைக்கும் கடமையிலிருந்து அது நம்மை விடுவித்துவிடாது.

உரத்தைக் குறைத்தால் கடல் மீளும் என்பதற்குக் கருங்கடலே சான்று. அதன் வடமேற்கு ஆழமற்ற பகுதியில் 1973-க்கும் 1990-க்கும் இடையில் மஸல் படுகைகள் உட்பட 6 கோடி டன் அடிவாழ் உயிர்கள் அழிந்தன என்பது மதிப்பீடு. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு அப்பகுதி நாடுகளின் வேளாண்மை நொடிந்து, உரப் பயன்பாடு திடீரென வீழ்ந்தது. சில ஆண்டுகளில் அங்கே ஆக்ஸிஜன் குறைந்த பரப்பு பெரிதும் சுருங்கியது, அடிவாழ் உயிர்களும் மெல்லத் திரும்பத் தொடங்கின. யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. மக்கள் வறுமையில் கொடுத்த விலை அது. ஆயினும் சேற்றுக்கு மீளும் வலு உண்டு என்பதை அது காட்டியது. வெப்பத்தால் வரும் இழப்புக்கு அப்படி விரைவான விடிவு இல்லை. அது வளிமண்டலத்தின் கணக்கோடு கட்டுண்டது.

பதிவு 14: கயிற்றுப்பண்ணை

அளவீட்டைப் பற்றி இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருந்ததால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கையில் பிடித்து ஒருமுறை அளக்கும் கருவியைவிட, நீருக்குள்ளேயே தங்கிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் கருவி நல்லது. அதை மேலே மிதவையில் கட்டாதீர்கள். கயிற்றின் கடைசிச் சிப்பி இருக்கும் ஆழத்தில் ஒன்றும், அடித்தளத்துக்கு ஒரு முழம் மேலே ஒன்றும் கட்டுங்கள். கோடையில் உணர்முனையின்மேல் பாசிப் படலம் படியும்; அந்தப் படலமே பகலில் ஆக்ஸிஜனை விட்டும் இரவில் இழுத்தும் எண்ணைக் கெடுக்கும் என்பதால், வாரம் ஒருமுறையாவது மென்மையான துணியால் துடைக்க வேண்டும். தரவை இறக்கியதும் நாளின் சராசரியைப் பார்க்க வேண்டாம். 2 மில்லிகிராமுக்குக் கீழே தொடர்ந்து எத்தனை மணி நேரம் இருந்தது என்பதை எண்ணுங்கள். அது இரவுக்கு இரவு நீண்டுகொண்டே போனால், கயிற்றின் அடிப்பகுதியை மேலே சுருட்டிக் கட்டிவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். மேலே கட்டிய சில நாட்களில், கயிற்றோடு சேர்த்துக் கொத்தை அமுக்கிப் பார்த்தால், புதிதாக விட்ட நூல் விரலில் பட்டு இழுபடும்.

பதிவு 15: முதலாமாண்டு

நன்றி, ஐயா. எங்கள் ஆய்வகத்திலுள்ள கருவியை விடியலுக்கு முன் இறக்க அனுமதி கேட்டு, துறைத் தலைவருக்கு இன்றே கடிதம் எழுதுகிறேன்.